ஒரு புள்ளி கூடுதல்

ரீகாவில், ட்ராம் பணிமனைக்குப் பின்னால்,
பார்வையற்றோர் அச்சகத்தின் மூன்றாம் மாடி.
நான் மைப் புத்தகத்தை உரக்க வாசிப்பேன்.
எதிரே ஏவால்ட்ஸ்
தடித்த தாளில் விரலோட்டிக்கொண்டே வருவார்.
காற்புள்ளியைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
பதினோரு வருஷமாக
இதுதான் எங்களுக்குள் பேச்சு.

"அவள் நிமிர்ந்தாள் காற்புள்ளி
அவளுடைய நீலக் கண்கள் –"

"இரு, மில்தா" என்பார்.
தகர டப்பாவில் ஒரு காய்ந்த பட்டாணி விழும்.

கண்ணுக்கு ஒன்று அல்ல, ஜோடிக்கு ஒன்று.
டிசம்பர் கடைசியில் அதை ஊறவைத்து
பன்றிக்கொழுப்போடு வேகவைப்போம்.
ஒரு வருஷத்து நீலக் கண்கள்
திருத்தகத்தில் நாலு பேருக்குத் தாராளம்.
போன வருஷம் வாசல்காரருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம்.

திருடனுக்குச் சாம்பல் நிறம்.
மாற்றாந்தாய்க்குக் கறுப்பு, கேட்கவே வேண்டாம்.
இருமுகிறவளுக்கு
முதல் பக்கத்திலேயே நீலம் கொடுத்துவிட்டால்
ஏவால்ட்ஸ் பெருமூச்சு விடுவார்:
"இருநூறைத் தாண்ட மாட்டாள்."
தாண்டியதில்லை.

ஆளிப்பூவைப் போல என்பார்கள்,
பனிப்பாளத்துக்கு அடியில் நிற்கும் நீரைப் போல என்பார்கள்.
தௌகவா ஆற்றைப் போல என்று எழுதியிருந்தார் ஒருவர்.
வாசித்துக்கொண்டே சன்னலை எட்டிப் பார்த்தேன்.
ஆறு
பால் விடாத தேநீராகப் போய்க்கொண்டிருந்தது.
அதை நான் சொல்லவில்லை.
கையெழுத்துப் படியில் இல்லாததைச் சொல்ல
எனக்குச் சம்பளம் கிடையாது.

அவருக்கு நீலம் தெரியும்.
ஒன்பது வயதுவரை பார்த்தவர்தான்.
நினைவில் எஞ்சிய நீலம் ஒன்றே ஒன்று:
விளிம்பு உதிர்ந்த எனாமல் பால் கூஜா.
"எந்த நாயகி நிமிர்ந்தாலும்
முகத்தில் ரெண்டு கூஜா, மில்தா.
முத்தக் காட்சியில் என் பாடு
உனக்கு எங்கே புரியப்போகிறது."

அக்டோபரில் வந்தது அந்தத் தடித்த நாவல்.
நூற்றெட்டாம் பக்கம். கலங்கரை விளக்கம், மழை,
திரும்பி வந்த மாலுமி, கதவு திறக்கிறது.
"அவனுடைய நீலக் கண்கள்" என்றேன்.
டப்பாவில் சத்தம் இல்லை.
விரல் பின்னால் போயிற்று.
மறுபடி வந்தது.
மறுபடி போயிற்று.

எங்கள் மொழியில் நீலத்துக்கும்
ஓக் மரத்துக் கொட்டைக்கும்
கிட்டத்தட்ட ஒரே எழுத்துகள்.
குறில் நெடில் கொஞ்சம் இடிக்கும், அவ்வளவுதான்.
அச்சு எந்திரம் ஒரு புள்ளியைக் கூட்டிக் குத்தியதில்
மாலுமி, மழையில் நனைந்தபடி,
ஓக் கொட்டைக் கண்களால்
அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

"என் கண் இந்த நிறம்தான்" என்றார்.

போர் முடிந்த மறு வருஷம்
காட்டில் கிடந்த ஒரு பளபளப்பை
அவரும் தம்பியும் கல்லால் தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.
தம்பியைப் பற்றி அதற்கு மேல் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரி இழுப்பறையில்
சின்னப் பையன் அளவில் கண்ணாடி விழிகள்
ஒரு ஜோடிதான் மிச்சம் இருந்ததாம்.
பொருத்திய நர்ஸ் கைதட்டினாளாம்:
"அட, கதையில் வருகிற பையன் மாதிரி!"
வளர வளர அளவு மாற்றினார்கள்.
நிறத்தை யாரும் கேட்கவில்லை.
அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

பதினோரு வருஷம் எதிரே உட்கார்ந்தவள் நான்.
இடது விழி வலதைவிட ஒரு சாயல் வெளிறியது,
இரண்டும் சன்னல் பக்கம் திரும்பாது,
எல்லாம் தெரியும்.
அவை அவருடையவை அல்ல என்பதும் தெரியும்.
அந்த நிறமும் அவருடையது அல்ல என்பது
அன்றுவரை தோன்றவே இல்லை.

திருத்தத் தாளில் எழுதினேன்:
பக்கம் 108, வரி 14.
பேனா அங்கேயே நின்றது.
கீழே ட்ராம் ஒன்று வளைவில் கிறீச்சிட்டது.

"எத்தனை படி அடிக்கிறார்கள்?" என்று கேட்டார்.
"நாற்பது."
"நாற்பதா" என்றார்.
உள்ளங்கையில் பட்டாணியை உருட்டிக்கொண்டிருந்தார்,
டப்பாவிலும் போடாமல், பைக்குள்ளும் போடாமல்.

எழுதியதை அடித்தேன்.
அடித்த இடத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன்.
விதி அப்படி.

"மேலே படி" என்றார்.
"கதவு சாத்தப்பட்டது முற்றுப்புள்ளி" என்றேன்.